கனடாப் பென்சனோடு யாழ்ப்பாணத்தில் குடியேற முன் கேட்கவேண்டிய கேள்விகள்

கேட்ட விஷயம் இது. கணவருக்கு 66 வயது, மனைவிக்கு 63. கனடா வந்து 34 வருஷம். இருவரும் கனடியப் பிரஜைகள். இலங்கையின் இரட்டைப் பிரஜாவுரிமை இன்னும் எடுக்கவில்லை. ஸ்காபரோ வீட்டை விற்றுவிட்டு, கோப்பாயில் மனைவிக்குச் சீதனமாக எழுதிய 4 பரப்புக் காணியில் வீடு கட்டி நிரந்தரமாக இருக்க விருப்பம். பென்சன் அங்கே வருமா, காணிக்குச் சிக்கல் உண்டா, வருத்தம் வந்தால் என்ன செய்வது, வேறு எதை யோசிக்கவேண்டும்?

போகலாம். உங்கள் நிலையில் உள்ளவர்களுக்கு அது நடக்கக்கூடிய காரியம்தான். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ஒழுங்கு தலைகீழாக இருக்கிறது: வீட்டை விற்பது, கட்டுவது, பிறகு விசா, பிறகு வைத்தியம். இதைத் திருப்பிப் போடுங்கள். முதலில் ஒரு பரீட்சார்த்த வருஷம், அதில் சில மாதம் அங்கே வாடகைக்கு இருப்பது; அதே காலத்தில் பிரஜாவுரிமை; அது கைக்கு வந்தபின் காணிப் பத்திரங்களைச் சரிசெய்வது; அதன்பிறகு கட்டிடம்; கடைசியாக ஸ்காபரோ வீடு. கனடாவில் விற்ற வீட்டைத் திரும்ப வாங்குவது உங்கள் வயதில் ஏறக்குறைய முடியாத காரியம். மற்ற எந்தப் பிழையையும் காசு செலவழித்துத் திருத்தலாம். ஆகவே திரும்பி வரும் வழியைக் கடைசிவரை அடைக்காமல் வைத்திருக்கவேண்டும்.

இன்னொன்று. 66 வயதில் இருவரும் நடமாடும் நிலையை மனதில் வைத்துத் திட்டம் போடாதீர்கள். 80 வயதில் இருவரில் ஒருவர் மட்டும் அந்த வீட்டில் இருக்கும் நாளை வைத்துப் போடுங்கள். கீழே சொல்வது எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

பென்சனில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் பலர் மூன்று வெவ்வேறு கொடுப்பனவுகளை ஒன்றென்று நினைத்துக் கணக்குப் போடுகிறார்கள். சி.பி.பி., அதாவது கனடா ஓய்வூதியத் திட்டம், நீங்கள் வேலை செய்து கட்டிய காசு. உலகத்தில் எங்கே இருந்தாலும் வரும். முதியோர் பாதுகாப்புக் கொடுப்பனவு, அதாவது ஓ.ஏ.எஸ்., வேறு மாதிரி. 18 வயதுக்குப் பிறகு குறைந்தது 20 வருஷம் கனடாவில் வசித்திருந்தால் மட்டுமே அதை வெளிநாட்டில் நிரந்தரமாக வாங்கலாம். அந்த 20 இல்லாவிட்டால், புறப்பட்ட மாதத்துக்குப் பிறகு 6 மாதத்தோடு நின்றுவிடும். சில நாடுகளோடு கனடாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உண்டு, அங்கே வேலை செய்த வருஷங்களையும் சேர்த்துக் கணக்கெடுப்பார்கள். இலங்கையோடு அப்படி ஒப்பந்தம் இல்லை. உங்களுக்கு 34 வருஷம் இருப்பதால் இந்தப் பயம் வேண்டாம். பிள்ளைகள் பிற்காலத்தில் கூப்பிட்டு வந்த தாய் தகப்பனுக்குத்தான் இது பெரிய அடி. 12, 15 வருஷத்தோடு ஊருக்குத் திரும்பி, ஏழாம் மாதம் காசு வராமல் நிற்பது அவர்கள்தான்.

முழு ஓ.ஏ.எஸ். என்பது 40 வருஷ வசிப்புக்கு. ஒவ்வொரு வருஷத்துக்கும் நாற்பதில் ஒரு பங்கு. மனைவி இன்றைக்கே புறப்பட்டால் 65 வயதில் அவருக்குக் கிடைப்பது 34/40. கனடாவில் வசிப்பவராகவே 65ஐத் தொட்டால் 36/40. வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் அது சாகும்வரை தொடரும். 65 வயதில் அங்கே இருந்துகொண்டே விண்ணப்பிக்கலாம். புறப்படுவதற்கு முதல்நாள் அவர் கனடியப் பிரஜையாகவோ சட்டபூர்வ வதிவாளராகவோ இருந்திருந்தால் போதும். கடவுச்சீட்டுகள், வரிக்கணக்கு, வேலைப் பதிவு என 34 வருஷ வசிப்பைக் காட்டும் எதையும் எறியாமல் கொண்டுபோங்கள். பழைய கடவுச்சீட்டுகளை எறிந்துவிட்டு அங்கிருந்து நிரூபிக்கத் திண்டாடுபவர்கள் அதிகம்.

மூன்றாவது ஜி.ஐ.எஸ்., வருமானம் குறைந்தவர்களுக்கான மேலதிகக் கொடுப்பனவு. நாட்டை விட்டு 6 மாதத்துக்கு மேல் போனால் அது நிற்கும். உங்கள் மாதக் கணக்கில் அது இருந்தால், இப்போதே அதை வெட்டிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

லண்டனில் இருந்து இதே கேள்வியோடு வாசிப்பவர்களுக்கு ஒரு வரி: பிரித்தானிய அரச பென்சன் இலங்கைக்கு வரும், ஆனால் வருடாந்த உயர்வு வராது. நீங்கள் இலங்கையில் முதலில் வாங்கிய தொகையே 20 வருஷத்துக்குப் பிறகும் வரும். கனடாக் கொடுப்பனவுகளுக்கு அந்த வருத்தம் இல்லை, விலைவாசியோடு அவை ஏறும். பிரித்தானியாவில் இருந்து வரும் உயிர்வாழ் சான்றிதழ்ப் படிவத்தை 16 கிழமைக்குள் திருப்பி அனுப்பாவிட்டால் பென்சனை நிறுத்திவைப்பார்கள். கிராமத்துத் தபால் பிந்தும், ஆகவே யாராவது அதைக் கவனிக்கவேண்டும்.

அடுத்தது ஓஹிப், அதாவது ஒன்ராறியோ மாகாணத்தின் மருத்துவக் காப்புறுதி. எந்த 12 மாதத்தை எடுத்தாலும் அதில் 212 நாளுக்கு மேல் ஒன்ராறியோவுக்கு வெளியே இருந்தால் காப்புறுதி போய்விடும். மறுபக்கம் பார்த்தால், 153 நாள் ஒன்ராறியோவில் இருந்தால் அது கையில் இருக்கும். முதல் வருஷத்துக்கு நான் சொல்லும் வழி இதுதான்: ஒக்டோபரில் போய், 212 நாள் தாண்டாமல் மேயில் திரும்புங்கள். ஓஹிப் தப்பும், வரியில் கனடா வதிவாளராகவே இருப்பீர்கள், வீடும் கையில் இருக்கும். கவனிக்கவேண்டிய இரண்டு விஷயம். வேலைத்தலத்தில் இருந்து வரும் ஓய்வூதியர் மருந்துத் திட்டம் பல இடங்களில் மாகாணக் காப்புறுதி இருக்கும்வரைதான் செல்லும். ஓஹிப் போனால் அதுவும் போகும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள நோய் எத்தனை நாள் மாற்றமில்லாமல் இருந்திருக்கவேண்டும் என்ற விதியைப் பாருங்கள். 90 நாள், 180 நாள் என்று இருக்கும். புறப்படுவதற்கு முதல் மாதம் வைத்தியர் பிரஷர்க் குளிசையின் அளவைக் கூட்டியிருந்தால், அதுவே மாற்றம் என்று சொல்லிக் கொடுப்பனவை மறுக்க இடம் உண்டு.

வரியைப் பொறுத்தவரை, நிரந்தரமாகப் போவது என்று முடிவெடுத்தால், புறப்படும் நாளில் உங்கள் பங்குகள் போன்ற சில சொத்துகளை விற்றதாகக் கருதி வரி கணக்கிடுவார்கள். கனடாவில் உள்ள வீடு, காணி இதில் சேராது. அதன்பிறகு பென்சன், ஆர்.ஆர்.எஸ்.பி. என்ற ஓய்வுக்காலச் சேமிப்பு முதலியவற்றில் இருந்து வழமையாக 25 வீதம் பிடித்துவைத்துத்தான் அனுப்புவார்கள். கனடாவுக்கும் இலங்கைக்கும் இடையே வரி ஒப்பந்தம் இருப்பதால் எந்த வகைக்கு எவ்வளவு குறையும் என்பதை இரு நாட்டுக் கணக்கும் தெரிந்த ஒருவரிடம் எழுத்தில் வாங்குங்கள். இலங்கையில் ஒரு வரியாண்டில் 183 நாள் இருந்தால் அங்கேயும் நீங்கள் வரி வதிவாளர். வதிவாளர் அல்லாதவரானபின் டி.எஃப்.எஸ்.ஏ. என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் காசு போடாதீர்கள், போட்ட தொகைக்கு மாதம் 1 வீதம் தண்டவரி. பலர் தானியங்கி மாத வைப்பை நிறுத்த மறந்து மாட்டுகிறார்கள்.

ஸ்காபரோ வீட்டைப் பொறுத்தவரை இரண்டில் ஒன்று. விற்பதென்றால் வதிவாளராக இருக்கும்போதே விற்றுவிடுங்கள். போனபின் விற்றால் வரித்துறையின் அத்தாட்சிப் பத்திரம் எடுக்கவேண்டும்; அது வரும்வரை வாங்குபவரின் வழக்கறிஞர் விலையில் ஒரு பெரும்பங்கைப் பிடித்து வைத்திருப்பார். வாடகைக்கு விடுவதென்றால், வதிவாளர் அல்லாதவருக்கு மொத்த வாடகையில் 25 வீதம் மாதாமாதம் வரித்துறைக்குப் போகவேண்டும், செலவு கழித்த மிச்சத்தில் அல்ல. பரீட்சார்த்த வருஷத்தில் நீங்கள் இன்னும் வதிவாளர் என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

இனி இலங்கைப் பக்கம். கனடியப் பிரஜாவுரிமை எடுத்த நாளிலேயே இலங்கைப் பிரஜாவுரிமை சட்டப்படி போய்விட்டது. பழைய அடையாள அட்டை பெட்டிக்குள் இருக்கிறது என்பதால் ஒன்றும் ஆகாது. நீங்கள் இப்போது அங்கே வெளிநாட்டவர். 55 வயது தாண்டிய வெளிநாட்டவருக்கு வைப்பும் மாத வருமானமும் காட்டி எடுக்கும் வதிவிட விசா உண்டு. அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும். உங்களுக்கு அதைவிட இரட்டைப் பிரஜாவுரிமைதான் சரி. இழந்த பிரஜாவுரிமையைத் திரும்பப் பெற விண்ணப்பிப்பவர்களுக்கு 55 வயதுக்கு மேல் என்பதே ஒரு தனிப்பிரிவு. சொத்துக் காட்டவேண்டும், பட்டம் காட்டவேண்டும் என்ற கட்டாயம் அந்தப் பிரிவில் இல்லை. விண்ணப்பம் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போகவேண்டும், ஒட்டாவாவில் உள்ள உயர்ஸ்தானிகராலயம் அல்லது ரொறன்ரோத் துணைத்தூதரகம் ஊடாகக் கொடுக்கலாம்.

இழுபடுவது பெரும்பாலும் பெயரால். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, கனடாப் பத்திரத்தில் வேறு எழுத்து. தகப்பன் பெயர் முன்னுக்கும் பின்னுக்கும் மாறியிருக்கும். அகதியாக வந்தபோது கொடுத்த பிறந்த திகதி ஒன்று, பிறப்பு அத்தாட்சியில் இன்னொன்று. இதைச் சத்தியக்கடதாசியால் சரிக்கட்டலாம், ஆனால் விண்ணப்பத்தோடு சேர்த்து முதலிலேயே கொடுக்கவேண்டும். சண்டைக்காலத்தில் பதிவகங்கள் அழிந்த இடங்களில் பிறப்புப் பதிவையே மீளப் பதியவேண்டி வரும். காவல்துறை அத்தாட்சி குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லும் என்பதால், மற்றப் பத்திரங்கள் எல்லாம் கையில் வந்தபிறகு அதை எடுங்கள்.

பிரஜாவுரிமையை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் காணி. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிக் கைமாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி வெளிநாட்டவருக்குக் காணி விற்கமுடியாது. இரட்டைப் பிரஜைகளுக்கு விலக்கு உண்டு. உரித்தாளருக்கு மரபுரிமையாக வரும் காணிக்கும் விலக்கு உண்டு. மனைவி இலங்கைப் பிரஜையாக இருந்தபோது எழுதிய சீதன உறுதி செல்லுபடியானதுதான், அதற்கு இந்தச் சட்டத்தால் ஆபத்து இல்லை. ஆனால் பக்கத்துப் பங்கை வாங்கிப் பாதையை அகலமாக்குவது போன்ற எதுவும் இரட்டைப் பிரஜாவுரிமை வந்தபின்தான். மச்சான் பெயரில் வாங்கிப் போடலாம், பிறகு மாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காணி அவருடையது, அவர் இறந்தால் அவருடைய பிள்ளைகளுடையது. உங்களிடம் இருப்பது காசு அனுப்பிய பற்றுச்சீட்டு மட்டுமே.

அந்த 4 பரப்புக்கு, அதாவது 40 பேர்ச்சஸுக்கு, இப்போது என்ன நிலை என்பதை ஆள் வைத்துப் பாருங்கள். 34 வருஷம் நீங்கள் இல்லை. யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருஷத்துப் பதிவுகளைத் தேடவையுங்கள். இடையில் போலி உறுதியோ, ஈடோ பதிந்திருக்கிறதா என்று தெரியும். பிறகு அனுமதிபெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லைக்கல் போட்டுப் புதிய வரைபடம் எடுங்கள். பழைய உறுதியில் கிழக்கு எல்லை இன்னாருடைய வேலி, வடக்கு எல்லை ஒழுங்கை என்றுதான் இருக்கும். அந்த வேலி இரண்டு தரம் நகர்ந்திருக்கும். அளந்து பார்த்தால் 40 பேர்ச்சஸ் இருக்கவேண்டிய இடத்தில் 36 நிற்பது புதுமையல்ல. கிணறு பங்குக் கிணறு என்றால் உறுதியில் பங்கும் வழிவாய்க்காலும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

யாராவது அங்கே குடியிருக்கிறார்களா? இதுதான் பெரிய கேள்வி. ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, உரிமையாளரின் உரிமையை ஏற்காமல், தடையில்லாமல், 10 வருஷம் தன் சொந்தம்போல ஆண்டவர் காணியைத் தனதென்று நீதிமன்றத்தில் கேட்கலாம். யுத்தத்தால் ஊரைவிட்டுப் போனவர்களுக்காக 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது, அதில் கொடுத்த அவகாசம் முடிந்துவிட்டது. சொந்தக்காரர், தெரிந்தவர், காவலுக்கு வைத்தவர் யாராக இருந்தாலும் சரி, உங்கள் அனுமதியில்தான் இருக்கிறார் என்று நொத்தாரிசு முன்னால் ஒரு எழுத்து வாங்குங்கள். மாதம் ஒரு சின்ன வாடகை, அதற்குப் பற்றுச்சீட்டு. அனுமதியில் இருப்பவருக்கு ஆட்சியுரிமை ஏறாது. அனுமதி என்பதற்குச் சாட்சி வேண்டும் என்பதுதான் விஷயம். எழுத மறுத்தால் உள்ளே என்ன எண்ணம் என்று அப்போதே விளங்கிவிடும்.

உங்கள் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் எழுதும் அற்றோர்னித் தத்துவம் கொடுக்கவேண்டி வந்தால் பொதுத் தத்துவம் கொடுக்கவே வேண்டாம். அளவை செய்விக்க, பிரதேச சபையில் கட்டிட அனுமதி எடுக்க, இன்ன வழக்கில் தோன்ற என்று வேலையைப் பெயர்சொல்லி எழுதுங்கள். விற்கும், ஈடுவைக்கும் அதிகாரத்தை வெளிப்படையாக விலக்குங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை உங்களுக்குப் பொருந்தும் என்பதையும் மறக்கவேண்டாம். மனைவியின் சீதனக் காணியாக இருந்தாலும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவர் அதைக் கைமாற்ற முடியாது. பங்குக் காணியில் ஒரு பங்கை விற்கும்போது மற்றப் பங்காளிகளுக்கு முன்வாங்கும் உரிமை இருக்கிறது, அறிவித்தல் கொடுக்காமல் எழுதிய உறுதி பின்னால் வழக்காகும்.

காசு விஷயத்தில் ஒரே ஒரு கொள்கை: முதல் கனடாவில் இருக்கட்டும், செலவு மட்டும் இலங்கைக்குப் போகட்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதம் 360ஐத் தாண்டியது. வீடு விற்ற காசை ரூபாயாக மாற்றி வட்டிக்குப் போட்டிருந்தவர்களின் சேமிப்பு வெளிநாட்டுப் பெறுமதியில் ஏறக்குறையப் பாதியானது. நிரந்தர வைப்பின் வட்டிவீதம் கனடாவை விட உயர்ந்து தெரியும், அந்த உயர்வு நாணயம் விழும் ஆபத்துக்கான விலைதான். வங்கி முறிந்தால் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரைக்கும்தான். கட்டிடத்துக்கான பெரிய தொகையை வங்கி ஊடாக, வெளிநாட்டில் இருந்து வந்த காசு என்று பதிவாகும் கணக்கில் கொண்டுபோங்கள். நாளைக்கு விற்றுத் திரும்பக் கொண்டுவர அந்தப் பதிவுதான் ஆதாரம். வங்கியைத் தவிர்த்து ஆட்கள் ஊடாக, உண்டியலில் அனுப்பினால் சில சதம் மிஞ்சும், அந்த ஆதாரம் இருக்காது.

சின்னதாகத் தெரியும் ஒரு காரியம் பலரைக் கட்டிப்போடுகிறது. கணக்குக்குள் நுழைய உங்கள் கனடா வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் கனடாத் தொலைபேசிக்குத்தான் வரும். தொலைபேசி இலக்கத்தை வெட்டிவிட்டுப் போனால் உங்கள் கணக்குக்குள் நீங்களே நுழையமுடியாது. மலிவான திட்டத்துக்கு மாற்றி அந்த இலக்கத்தை உயிரோடு வைத்திருங்கள், கோப்பாயில் இருந்தே ஒருதரம் காசு அனுப்பிப் பரீட்சித்துப் பாருங்கள்.

வீடு கட்ட முன் தண்ணீர். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் கிணற்றில் வருவது. கோப்பாய்ச் செம்மண்ணில் பல தலைமுறையாக வெங்காயமும் புகையிலையும் உரம்போட்டுச் செய்த தோட்டங்கள், நெருக்கமான வீடுகள், ஒவ்வொரு வளவிலும் மலக்குழி. ஆகவே நைத்திரேற்றும் மலக்கிருமியும் இருக்கிறதா என்று தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள். ஒரு தரம் போதாது. ஒக்டோபர் கடைசியில் முதல் மழை விழுந்தபின் ஒன்று, ஓகஸ்ட் வரட்சியில் ஒன்று. நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆனால் நீர் ஆவியாகி நைத்திரேற்றின் செறிவு கூடும். அதற்கு ஆர்.ஓ. வடிகட்டிதான் வழி. தாளையடிக் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 2024இல் திறந்தாயிற்று. உங்கள் ஒழுங்கைக்குக் குழாய் வந்துவிட்டதா என்பதை வீட்டு வரைபடம் கீறமுன் கேளுங்கள். புதிய மலக்குழியை அடியும் பக்கமும் பூசிய தொட்டியாகக் கட்டுங்கள். எவ்வளவு தூரம் விட்டுக் கட்டினாலும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்பு வழியே அழுக்கு கிணற்றுக்குப் போய்ச் சேரும்.

வெள்ளத்தை அயலாரிடம் விசாரியுங்கள். 2008 நிஷா புயல் மழைக்கு இந்த வளவில் தண்ணீர் எந்த மட்டம்வரை நின்றது என்று கேட்டால், சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள். அதற்கு மேலே அத்திவாரத்தைக் கொண்டுவாருங்கள். மேல்மாடி வேண்டாம். கதவுகள் 3 அடி அகலம், படுக்கையறையோடு ஒட்டிய குளியலறை, வாசற்படிக்குப் பதில் சரிவு, வழுக்காத ஓடு. சுவர் எழும்பும்போதே கைப்பிடி பூட்டும் இடங்களில் கொங்கிறீற் வைத்துவிட்டால் பிறகு உடைக்கவேண்டாம். தட்டைக் கொங்கிறீற் கூரை பகலில் குடித்த சூட்டை இரவு முழுக்கக் கீழே விடும். ஓட்டுக்கூரையும் மேற்குப் பக்கம் ஆழமான விறாந்தையும் குளிரூட்டியின் செலவைக் குறைக்கும். கொள்கலனில் சாமான் அனுப்பாதீர்கள். கனடாவில் 120 வோல்ற், இலங்கையில் 230. குளிர்சாதனப் பெட்டி, சமையல் சாமான், உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் எதுவும் நேரே வேலைசெய்யாது.

இப்போது வருத்தத்துக்கு வருவோம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வடமாகாணத்தின் ஒரே போதனா வைத்தியசாலை யாழ்ப்பாணத்தில்தான், கோப்பாயில் இருந்து சில கிலோமீற்றர். அந்த வகையில் உங்கள் காணி நல்ல இடத்தில் இருக்கிறது. தீவுப்பகுதியிலோ வடமராட்சி கிழக்கிலோ காணி வைத்திருப்பவர்களுக்கு நான் நகரத்துக்குக் கிட்டவே இருக்கச் சொல்வேன். வைத்தியர்கள் திறமானவர்கள். ஆனால் கட்டில் நெருக்கம், சில மருந்துகளின் தட்டுப்பாடு, நோயாளிக்குப் பக்கத்தில் நிற்க ஒரு ஆள் வேண்டும் என்ற நடைமுறை இவை உண்மை. அந்த ஆள் யார் என்று பெயரோடு எழுதி வையுங்கள். பிள்ளைகள் கனடாவில்; அயல் வீடுகளும் பூட்டிக்கிடக்கின்றன; இளம் ஆட்கள் தொடர்ந்து வெளியேறுகிறார்கள். படுக்கையில் விழுந்த ஒருவரைத் தூக்கி, துடைத்து, இரவு விழித்திருக்கச் சம்பளத்துக்கு ஆள் கிடைப்பது காசு இருந்தாலும் கஷ்டமாகிக்கொண்டு போகிறது. இதற்குப் பதில் இல்லாத குடும்பம் வீடு கட்டுவதைத் தள்ளிப்போடவேண்டும்.

இன்று உங்கள் இருவருக்கும் உள்ள ஒவ்வொரு நோயையும் எடுத்து, அதன் அடுத்த கட்டம் எங்கே பார்க்கப்படும் என்று கேளுங்கள். சர்க்கரை என்றால் கண் லேசரும் இரத்தச் சுத்திகரிப்பும். இதயம் என்றால் இரவு 2 மணிக்கு அடைப்பு எடுக்கும் வசதி. கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர், ரயிலோ வாகனமோ ஆறேழு மணித்தியாலம். பலாலியில் இருந்து சென்னைக்குப் பறப்பு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட, ஆனால் இந்திய விசா முதலே கையில் இருக்கவேண்டும். 66 வயதில் புதிதாக எடுக்கும் சர்வதேசக் காப்புறுதி ஏற்கெனவே உள்ள நோய்களை விலக்கிவிட்டுத்தான் தரப்படும், கட்டணமும் வருஷாவருஷம் ஏறும். ஆகவே பெரிய வைத்தியம் ஒன்றுக்கான தொகையைக் கனடா டொலரில் தனியாக ஒதுக்கி, அதை வேறெதற்கும் தொடாமல் வைப்பது நல்லது. குளிசைகளின் வியாபாரப் பெயரை விட்டு மூலப்பெயரை எழுதிக்கொண்டு போங்கள். இன்சுலின் போடுபவர் வீட்டில் இன்வேட்டர் கட்டாயம்.

காய்ச்சல்கள் புதியவை அல்ல, நீங்கள்தான் 34 வருஷம் விலகி இருந்தீர்கள். குடாநாட்டில் டெங்கு உச்சத்துக்குப் போவது நவம்பர் முதல் ஜனவரி வரை, மாரி மழையோடு. காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும். அஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் இரத்தக்கசிவைக் கூட்டும். இதயத்துக்காகத் தினமும் அஸ்பிரின் எடுப்பவர் முதல் நாளே வைத்தியரிடம் சொல்லவேண்டும். இரண்டாம் நாளே இரத்தம் சோதியுங்கள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாகும் மூன்றாம் நாள் தொடக்கம் ஏழாம் நாள் வரைதான் டெங்கில் ஆபத்தான நேரம், அப்போது வயிற்றுவலியோ வாந்தியோ வந்தால் வீட்டில் நிற்கவே கூடாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போயின. வெள்ளத்துக்குள் வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்குவதை விடவேண்டும்.

பரீட்சார்த்த வருஷத்தைப் பற்றி ஒன்று. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் போய்ப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அப்போது ஊர் முழுக்க லண்டனும் பாரிஸும் ரொறன்ரோவும் வந்து நிற்கும், எல்லா வீட்டிலும் விளக்கு எரியும். நவம்பர் மழையில், நுளம்புக்குள், மின்சாரம் போன இரவில் இருந்து பாருங்கள். பிறகு ஏப்ரல், மே வெயிலில் காற்று விழுந்த பகலில் இருந்து பாருங்கள். சொந்தக்காரர் வீட்டில் விருந்தாளியாக இல்லாமல், வாடகை வீட்டில், நீங்களே சந்தைக்குப் போய், நீங்களே ஓட்டோ பிடித்து, நீங்களே வங்கி வரிசையில் நின்று. கணவனும் மனைவியும் தனித்தனியே ஒரு தாளில் எழுதுங்கள்: ஒருவர் போனபின் மற்றவர் ஊரிலேயே இருப்பாரா, பிள்ளைகளிடம் திரும்புவாரா என்று. ஆண்கள் பெரும்பாலும் ஊர் என்பார்கள், பெண்கள் பேரப்பிள்ளைகள் என்பார்கள். இரண்டு தாளும் ஒன்றாக இல்லையென்றால் அரைவருஷம் இங்கே, அரைவருஷம் அங்கே என்ற ஏற்பாட்டையே உடம்பு விடும்வரை தொடருங்கள். அதில் குறைவொன்றும் இல்லை.

கடைசியாக மரணசாதனம். இலங்கையில் நொத்தாரிசு இல்லாமல் எழுதினால் 5 சாட்சிகள் வேண்டும், ஒன்ராறியோவில் 2 போதும். இலங்கைக் காணிக்கு அங்கே நொத்தாரிசு முன்னால் ஒன்று, கனடாச் சொத்துக்கு இங்கே ஒன்று என்று இரண்டாக எழுதுங்கள். இரண்டாவதை எழுதும்போது 'முன்னைய மரணசாதனங்கள் அனைத்தையும் இரத்துச் செய்கிறேன்' என்ற வழமையான வரி தானாக வந்து விழும். அந்த வரி முதலாவதையும் கொன்றுவிடும். இந்த நாட்டுச் சொத்துக்கு மட்டும் என்று இரண்டிலும் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் இறந்தால், பென்சன்களைப் பார்க்கும் அரச அலுவலகமான சேவிஸ் கனடாவுக்கு அறிவிக்கவேண்டியது உயிரோடு இருப்பவரின் வேலை. இறந்த மாதத்துக்குப் பிறகு வந்த காசைத் திருப்பிக் கேட்பார்கள், வாழ்க்கைத்துணைக்கான சி.பி.பி. கொடுப்பனவும் விண்ணப்பித்தால்தான் வரும். மரண அத்தாட்சிப் பத்திரத்தை ஆங்கில மொழிபெயர்ப்போடு சில பிரதிகள் எடுக்கவேண்டும் என்று ஒரு பிள்ளையிடம் முதலே சொல்லி வைத்திருங்கள்.